இரண்டு ஜூராக்கள்

குனிந்த மருமகள் நிமிரவில்லை.

கொழுந்தனின் குழந்தையைத் தொட்டிலில் போடும் விருந்து அது. விரிப்பு முழுக்க போர்சோக் கொட்டிக் கிடந்தது. எண்ணெயில் பொரித்தெடுத்த மாவுத் துண்டுகள் இன்னும் சூடு ஆறவில்லை. மலைப் பக்கமிருந்து பெரியவர்கள் வந்து நுழைந்ததும் மேரிம் வெள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மார்பில் கை கட்டி, இடுப்பை வளைத்து வணங்கினாள். மூன்று தடவை வணங்க வேண்டும். இரண்டு தடவை போன உடம்பு ஒழுங்காகத் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை போனது போனதுதான்.

பெரியவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாருங்கய்யா, இதுல்ல வளர்ப்பு! நாம உக்காந்து முடிக்கிற வரைக்கும் தலை நிமிர மாட்டேங்குது புள்ள" என்றார் ஒரு தாடிக்காரர். மாமியார் பூரித்துப்போய் எல்லோருக்கும் இன்னொரு சுற்று டீ ஊற்றினாள். மேரிமுக்கோ இடுப்பில் யாரோ ஆணி அடித்து இறுக்கியது போல வலி. கண்ணீர் மூக்கு நுனி வழியாகச் சொட்டியது. அதையும் மரியாதையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். மனிதர்கள் தங்களுக்குக் கிடைக்கும் மரியாதையை என்றைக்குச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்?

ஒருத்தி மட்டும் கண்டுகொண்டாள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அகலமான தோள்காரி டீக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கீழே விழுந்த எதையோ எடுப்பவள் மாதிரி மேரிமின் அருகில் குந்தி உட்கார்ந்தாள்.

"மூச்சைப் பிடிச்சு வச்சிருக்கே. விடு அதை" என்று காதருகே சொன்னாள். "ம், இப்ப முட்டியை மடக்கு. என் தோள்ல கையைப் போடு. இடுப்பால எந்திரிக்காதே, தொடையால எந்திரி."

மேரிம் எழுந்துவிட்டாள். அவளாலேயே நம்ப முடியவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய் அந்தப் பெண் விசாரித்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"சின்னவன் பொறந்ததுலேருந்து. கனமா எதையும் தூக்காதேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"இந்த ஊர்ல கனமில்லாதது என்ன இருக்கு? தண்ணி வாளி, கரி மூட்டை, மாமியாரு..." என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "தூக்காம இருந்தா சரியாகாது. தூக்கத் தெரிஞ்சாத்தான் சரியாகும். நாளைக்குச் சாயங்காலம் ஸ்கூல் ஹாலுக்கு வா. பொம்பளைங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன்."

"உங்க பேரு?"

"ஜூரா. எங்கப்பாவைப் பெத்தவ பேரு. எனக்கு வயசு முப்பத்தாறுதான், பேருக்குத்தான் நூறு."

மேரிம் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுடைய மாமியாரின் பெயர்.

எங்கள் நரின் மலைச்சீமையில் மருமகள்களின் பாடு இதுதான். புருஷன் பெயரைத் தெருவே கேட்கும்படி கத்தலாம், தப்பில்லை. அவனைப் பெற்றவர்கள் பெயரும் அவனுக்கு மூத்தவர்கள் பெயரும் நாக்கில் படக்கூடாது. வேறு யாருக்காவது அதே பெயர் இருந்தாலும் அதே சட்டம்தான். மேரிமின் மூத்தாருக்கு, அதாவது புருஷனின் அண்ணனுக்கு, டோக்டோசுன் என்று பெயர். அதில் எங்கள் மொழியின் 'நில்' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நாயைக்கூட 'நில்' என்று அதட்டியதில்லை. "போதும், போதும்" என்பாள். நாய்க்கு என்ன புரியும்? அது பாட்டுக்கு ஓடும். இப்போதெல்லாம் நகரத்துப் பெண்கள் இதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டார்கள். மேரிம் மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் அட்-பாஷிக்காரி. அங்கே வளர்ந்தவளுக்கு அது எலும்பில் ஊறிய பழக்கம்.

மறுநாள் போனாள். ஹாலில் ரப்பர் செருப்பு வாடை. பழைய டிராக்டர் சக்கரங்களை வெட்டிப் பட்டறையில் செய்த இரும்புக் குண்டுகள் ஒரு பக்கம், மணல் மூட்டைகள் ஒரு பக்கம். பேக்கரி நடத்தும் சல்தானத், பள்ளிக்கூட டீச்சர்கள் சிலர், தபால் ஆபீஸ் பெண் என்று ஒரு கூட்டம் இருந்தது. தலைமையாசிரியரின் மருமகள் ஆல்டினாய் மூலையில் உட்கார்ந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல அழகி, உடற்பயிற்சிக்கென்றே வாங்கிய உடுப்பு, வியர்வை மட்டும் அவளுக்கு ஆகாது.

ஜூரா அந்தப் பள்ளியின் விளையாட்டு டீச்சர். இளவயதில் மல்யுத்தம் போட்டவள், தோள் விலகியதால் விட்டவள். அவள் வகுப்பில் ஒரு விதி இருந்தது. பாரத்தைத் தூக்குகிறவளுக்கு எதிரே ஒருத்தி நின்று, அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, தூக்கு என்று சொல்ல வேண்டும். பெயர் கேட்காமல் யாரும் தூக்கக்கூடாது.

"வெளிய நீங்க இன்னாரு மருமக, இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு அம்மா. அந்தப் பேருக்கெல்லாம் ஏற்கெனவே சுமை இருக்கு. இங்க தூக்குறது நீங்க. அதனால உங்க பேரைத்தான் கூப்பிடணும்" என்றாள்.

"மேரிம், தூக்கு!" என்று சல்தானத் கத்தினாள். பேக்கரிக்காரியின் குரல் சுவரில் மோதித் திரும்பியது. மேரிமுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டில் மாமியாருக்கு அவள் 'மருமவளே', பிள்ளைகளுக்கு 'அம்மா', புருஷன் மக்ஸத்துக்கு 'இந்தா'. தன் பெயர் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. மணல் மூட்டை தரையை விட்டு எழுந்தது.

அடுத்து ஜூரா குண்டின் முன்னால் போய் நின்றாள். எதிரே மேரிம்.

மேரிம் விழித்தாள். மென்று விழுங்கினாள். "ஆல்டின் அக்கா, தூக்குங்க!" என்றாள் கடைசியில்.

ஹாலே கொல்லென்று சிரித்தது. ஆல்டின் என்றால் தங்கம். சொல்லக்கூடாத பெயருக்குப் பதில் மருமகள்கள் இப்படி எதையாவது சூட்டிவிடுவார்கள்; அதில் அன்பும் இருக்கும், தப்பித்தலும் இருக்கும்.

ஜூரா மட்டும் சிரிக்கவில்லை. குண்டைத் தொடவும் இல்லை. "நான் தங்கமும் இல்ல, பித்தளையும் இல்ல. ஜூரா."

"அக்கா, எங்க அத்தை பேரு அது..."

"தெரியும். நீ இங்க வந்தது இடுப்புக்கு மட்டும்னா பரவால்ல. அதுக்கு மேலயும்னா, ஒரு நாள் சொல்லுவே. நான் அவசரப்பட மாட்டேன்."

அதன்பிறகு மேரிம் எதிரே நின்றால் ஜூரா தூக்குவதில்லை. வேறு யாரையாவது நிற்கச் சொல்வாள். கோபமாக இல்லை, சாதாரணமாக. மேரிமுக்கு அதுதான் கூச்சமாக இருந்தது.

ஒரு குளிர்காலம் போயிற்று. மேரிம் தண்ணீர் வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டு மாவு பிசைந்தாள். இடுப்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் ஜூரா அதோடு விடுகிறவள் இல்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டிருந்தே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"குதிரை ஓட்டுவேன் அக்கா. எங்கப்பா மந்தையை நான்தான் மேய்ச்சலுக்குக் கொண்டுபோவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கல்யாணம்."

"கல்யாணம் ஆனா குதிரை உதைக்குதா?"

அந்த வசந்தத்தில் ஜூராவே எங்கிருந்தோ ஒரு சாம்பல் குதிரையை இரவல் வாங்கி வந்தாள். ஆற்றங்கரைப் புல்வெளியில் நின்று, "ஏறு" என்றாள். மேரிம் ஏறினாள். முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு காற்று. முக்காடு கழன்று எங்கோ விழுந்தது. லாரியை நிறுத்திவிட்டு வந்த மக்ஸத் வாயைப் பிளந்தபடி நின்றான். "யாருடா இது? நான் கட்டினது இவளைத்தானா? ஏமாத்திட்டாங்களே, பாதியைத்தானே குடுத்தாங்க!" என்று கூவினான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேரிம் இறங்கி வந்து ஜூராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் "ஆல்டின் அக்கா, ஆல்டின் அக்கா" என்றுதான் வந்தது.

அடுத்த கோடையில் ஊர்ப் பந்தயத்தில் ஆண்களோடு ஓடி இரண்டாவதாக வந்தாள். மந்தைக்காரர்கள் தங்கள் குதிரைகளைப் பழக்க அவளைத் தேடி வந்தார்கள். இடுப்பு பிடித்துக் குனிந்தபடி நின்ற மருமகள் இவள்தான் என்றால் யாரும் நம்பவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரில் புதிதாக விளையாட்டு அரங்கு கட்டி முடித்தார்கள். பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாக ஒருவரைப் போட வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கிளப் ஜூராவைக் கூப்பிட்டிருந்தது. அவள் மறுத்துவிட்டாள். "இங்க அரங்கு கிடைக்கும்போது அங்க எதுக்கு? எனக்கு வேணுங்கிறது இந்த ஊர்ப் பொம்பளைங்கதான்" என்றாள். வேறெதற்கும் ஆசைப்படாதவள் இதற்கு ஆசைப்பட்டாள். அது எல்லோருக்கும் தெரியும், மேரிமுக்கு மிக நன்றாகத் தெரியும்.

மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அரங்கத் திறப்பு, கூட்டம், பாட்டு. பொறுப்பேற்கப்போகும் பெண்ணுக்கு மேடையிலேயே போர்த்திவிட வேலைப்பாடு செய்த நீல அங்கி ஒன்று மடித்துத் தயாராக இருந்தது. குதிரைக்காரி மேரிமைப் பேசச் சொன்னார்கள். யார் தன்னை நிமிர்த்தியது என்று அவள் வாயால் சொன்னால் அதிகாரி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அங்கியைப் போர்த்துவார். ஏற்பாடு அவ்வளவுதான்.

மேரிம் மேடையேறினாள். முன்வரிசையில் மாமியார், கழுத்தில் நல்ல சால்வை, முட்டிமேல் இரண்டு கையும். அவளுக்குப் பக்கத்தில் மூத்தார், மாமனார் வழிப் பெரியவர்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் ஜூரா. மேரிம் குனிந்தபடி நின்ற கதையைச் சொன்னாள், குதிரைக் கதையைச் சொன்னாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அருமை தங்கச்சி! உன்னை இப்படி ஆக்கினவங்க யாரு? பேரைச் சொல்லு, கேப்போம்."

மேரிம் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"எங்க... ஆல்டின் அக்கா" என்றாள்.

"ஆல்டினாயா?" அதிகாரி பின்னால் திரும்பினார். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பளபளக்கும் விளையாட்டு உடுப்பில் ஆல்டினாய் நின்றிருந்தாள், பாட்டுப் போடுவதற்காக. "இவங்கதானா?"

அவள் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் ஒரு நொடி தயங்கினார். மருமகளைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார். அப்புறம் தயக்கம் எங்கே போயிற்றோ, "போம்மா, போ" என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினார். ஆல்டினாய் "ஐயோ மாமா, நான் இல்ல..." என்று முனகியது முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. "அட, அது இல்லைய்யா!" என்று பின்னாலிருந்து சல்தானத் கத்தினாள். அதற்குள் கைதட்டல் எழுந்து, வாத்தியமும் சேர்ந்துகொண்டது. டீச்சர்கள் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் மடியைப் பார்த்தார்கள். எல்லோரும் மேரிமையே எதிர்பார்த்தார்கள், அதிகாரி கேட்டது அவளைத்தானே.

ஒரே ஒரு சொல். இரண்டே எழுத்து. ஜூரா மூன்றாம் வரிசையில் லேசாக முன்னால் சாய்ந்தாள், பாரம் தூக்கப்போகிறவளை எதிரே நின்று பார்ப்பது போல. மேரிம் வாயைத் திறந்தாள், மூடினாள். நீல அங்கி ஆல்டினாயின் தோளில் விழுந்தது.

ஜூரா மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டாள். பிறகு அவளும் கைதட்டினாள்.

அப்புறம் என்ன? எங்கள் ஊரில் போர்த்திய அங்கியைப் பிடுங்குவது பிணத்தின் துணியை உருவுவதற்குச் சமம். "சபையில போட்டதைத் திரும்ப வாங்கினா எங்க குடும்ப மானம் என்ன ஆகும்?" என்று தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். சல்தானத் மட்டும் ஊரெல்லாம் திட்டித் தீர்த்தாள். தலைமையாசிரியருக்கு அதன்பின் ஜூராவின் முகத்தில் விழிக்கக் கூச்சம். தன் கூச்சத்துக்கு வைத்தியமாக அவளுடைய வகுப்புகளைக் குறைத்தார். பிஷ்கெக் கிளப்பில் அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று. பனி விழும் முன்பே ஜூரா ரஷ்யாவுக்குக் கிளம்பினாள், சரக்குக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலைக்கு.

வேன் நிற்கும் இடத்துக்கு மேரிம் மூச்சிரைக்க ஓடினாள்.

"என்னை மன்னிச்சிருங்க அக்கா. நான் ஒரு மண்ணாந்தை. ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை..."

"அழாதே. மூச்சை விடு" என்றாள் ஜூரா, பழக்க தோஷத்தில். "அங்கி போனதுல எனக்கு வருத்தம் இல்லேன்னு சொன்னா பொய். அரங்கு எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு. ஆனா அதைவிட, நான் உனக்கு நல்லாச் சொல்லிக் குடுத்துட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன். இடுப்பு வரைக்கும்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் போல."

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா!"

"அக்கா, அக்கா" என்றாள் ஜூரா. திட்டுவது போலவும் இருந்தது, தலையைத் தடவுவது போலவும் இருந்தது. வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் குந்தி, தொடையால் எழுந்து, முதுகு வளையாமல் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

ஆல்டினாய்க்கு அரங்கை நடத்தத் தெரியவில்லை. பாவம், அவளே வந்து சாவியை மேரிமின் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். இப்போது மாலையில் வகுப்பு நடத்துவது மேரிம்தான். ஊருக்கு அது 'மேரிம் வகுப்பு'. இடுப்பு நிமிர்ந்தவர்கள் அவளுக்கு ஆசி சொல்கிறார்கள். ஒவ்வொரு ஆசியும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கிறது. எனக்கு இல்லை, எனக்கு இல்லை என்று உள்ளே கிடந்து அடித்துக்கொள்கிறாள்.

குளிர் விட்ட ஒரு பகல். மாமியாருக்குக் காலில் நீர் கோத்திருந்தது. மேரிம் அவளை அலுங்காமல் தூக்கி வெயிலில் உட்கார வைத்தாள். கிழவி ஆற்றுப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த டீச்சர்கிட்டேயிருந்து ஏதாச்சும் சேதி உண்டா?"

"இல்ல அத்தை. போன் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"எப்படி எடுப்பா? அன்னைக்கு மேடையில வாயில என்னடி வச்சிருந்தே, போர்சோக்கா?"

மேரிம் திடுக்கிட்டுப்போனாள். "நீங்கதானே அத்தை முன்னால உக்காந்திருந்தீங்க! என்னையே முறைச்சுப் பாத்தீங்க. உங்க மரியாதைக்குத்தானே நான்..."

"முறைச்சேனா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, உத்துப் பாத்தேன். சொல்லப்போறே, சொல்லப்போறேன்னு பாத்திட்டே இருந்தேன்." கிழவியின் குரல் தணிந்தது. "எங்கப்பன், ஆத்தா, கூடப் பொறந்ததுங்க எல்லாம் மண்ணுக்குள்ள போயாச்சு. உன் மாமனாரு இருந்த வரைக்கும் 'ஏய் கிழவி'. நான் கிழவியா இல்லாதப்பவே கிழவி. பென்ஷன் குடுக்க வர்ற பொண்ணு ஒருத்திதான் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. இப்ப அதையும் பேங்க்ல போட்டுர்றாங்க. எத்தனை வருஷமாச்சு, என் பேரை ஒரு வாயி சொல்லி என் காதால கேட்டு. அம்புட்டு சனத்துக்கு முன்னால நீ சத்தமாச் சொல்லப்போறேன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவளுக்குச் சொன்னா என்ன, எனக்குச் சொன்னா என்ன? பேரு ஒண்ணுதானே."

யாருக்குப் பயந்து வாயை மூடினாளோ அவளே அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி, முன்வரிசையில் ஒருத்தி. இரண்டு பேரையும் ஒரே மௌனத்தில் ஏமாற்றியாயிற்று.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?"

"மாமியாக்காரி போய் மருமவகிட்ட, என் பேரைச் சொல்லுடின்னு கெஞ்சுவாளா? எனக்கும் ரோஷம் இருக்குல்ல" என்றாள் கிழவி. பிறகு அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தைபோலக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லேன். யாரும் இல்ல."

மேரிம் அவள் எதிரே மண்டியிட்டாள். மூச்சை விட்டாள். உதட்டைக் குவித்தாள். தொண்டைவரை வந்துவிட்டது அந்தப் பெயர். அட்-பாஷியில் அவள் அம்மா, அம்மாவின் மாமியார், அவளுக்கும் முந்தியவர்கள் எல்லோரும் சேர்ந்து அதன் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

"அத்தை..." என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

கிழவி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். அப்புறம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சரி விடு. டீ இருந்தா ஊத்து" என்று கிண்ணத்தை நீட்டினாள்.